ஐந்து வாரத் தண்ணீர்

பினாயில் அக்கா என்றுதான் ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைச் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் தைரியம் கிடையாது. ஆபரேஷனுக்கு வேண்டிய கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, துணியில் கட்டி, நீராவி இயந்திரத்தில் வைத்து, ஒரு கிருமிகூட இல்லாமல் எடுத்துக் கொடுக்கிற பிரிவுக்கு அவள்தான் தலைவி. இருபத்திரண்டு வருட வேலை. அவளுக்குக் கீழே இருக்கிற பெண்கள் தும்மல் வந்தால்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடிப் போய்த்தான் தும்முவார்கள். அவ்வளவு பயம்.

வீட்டில் மட்டும் வேறு ஆளா என்றால், அதுதான் இல்லை. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கையெல்லாம் கிரீஸ் அப்பிக்கொண்டு வருகிற மனுஷனைக் கட்டிக்கொண்டு அவள் பட்ட பாட்டை அவளிடம்தான் கேட்க வேண்டும். அவர் பட்ட பாட்டை யாரும் கேட்கவில்லை, பாவம். செருப்பு வாசலுக்கு வெளியே, சட்டை வாளிக்குள்ளே, ஆள் நேராகக் குளியலறைக்கு. அதற்கப்புறம்தான் காபி. அவரும் வாயடித்துக்கொண்டே, கேலி பேசிக்கொண்டே, இத்தனை வருஷமும் சொன்னபடி கேட்டார்.

அந்த வாய் ஓய்ந்து போனதுதான் கதை. நெஞ்சைப் பிளந்து இதயத்தில் ஆபரேஷன் செய்தார்கள். நல்லபடியாக முடிந்தது. பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். டி.வி. போடட்டுமா என்றால், "விடு." கொஞ்சம் நடந்துவிட்டு வரலாமா என்றால், "விடு." கூட வேலை செய்கிறவர்கள் பார்க்க வரட்டுமா என்று கேட்கிறார்கள் என்றால் அதற்கும் "விடு"தான். எதிர்ச் சுவரில் என்ன எழுதி ஒட்டியிருந்ததோ, நாளெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் செய்த டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இதயத்துக்கு ஒன்றும் குறைவில்லை, மனசுதான் உட்கார்ந்துவிட்டது, இப்படியே விட்டால் உடம்பும் கூடவே உட்கார்ந்துவிடும், எதிலாவது அவருக்கு ஒரு பிடிப்பு வந்தாக வேண்டும் என்று. அவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். கத்தி கபடா என்றால் அவளுக்கு அத்துப்படி. மனசை எந்த இயந்திரத்தில் வைத்து எடுப்பது?

ஆறாவது வாரம் நாத்தனார் பார்க்க வந்தாள். லிஃப்ட்காரரின் அக்கா. வந்தவள் ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, வீட்டை ஒழிக்கிறேன், ஒரு பழைய மீன் தொட்டி கிடக்கிறது, அதில் வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் தூக்கிக் கொடுத்துவிடுவேன் என்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் திருப்பினார்.

"அதை நான் எடுத்துக்கவா, அக்கா?"

பினாயில் அக்கா அடுப்படியில் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். ஆறு வாரத்தில் மனுஷன் தானாக வாயைத் திறந்து வேண்டும் என்று கேட்ட முதல் பொருள். அவர் குளத்தையே கேட்டிருந்தாலும் வெட்டிக் கொண்டுவந்து கூடத்தில் வைத்திருப்பாள். மறுநாளே தொட்டி வந்து சேர்ந்தது, வெங்காயச் சருகோடு.

அதற்கப்புறம் நடந்ததுதான் அவளுக்குப் புரியவே இல்லை. லிஃப்ட்காரர் தொட்டியைத் துடைத்தார், அடியில் கூழாங்கல் பரப்பினார், தண்ணீரை இழுத்து ஸ்பாஞ்சு வழியாக வடித்துத் திரும்ப விடுகிற ஒரு சின்ன மோட்டாரை வரவழைத்து மாட்டினார், தண்ணீர் நிரப்பச் சொன்னார். நிரப்பினாள். மோட்டார் களகளவென்று ஓடியது. எல்லாம் சரி. மீன் எங்கே?

மீன் இல்லை. தினமும் காலையில் ஒரு சிட்டிகை மீன் தீனியை எடுத்து, மீனே இல்லாத தண்ணீரில் தூவினார். சாயங்காலம் ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, அதில் ஏதோ மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டு, நிறத்தைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதினார். லிஃப்ட் பராமரிப்புக்கு எழுதுவாரே, தேதி, மணி, நிலவரம், கையெழுத்து, அதே மாதிரி. ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. வெறும் தண்ணீருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிற புருஷனைப் பார்த்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் பகீரென்று இருக்காது?

பொறுக்க மாட்டாமல் கேட்டே விட்டாள். அவர் சொன்ன பதில் அவருடைய தொழில் பதில். லிஃப்ட்டை மாட்டினதுமே ஆளை ஏற்றிவிட மாட்டார்களாம், முதலில் காலியாக மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்பார்களாம், தொட்டியும் அப்படித்தானாம். சரியென்று அவள் போய்விட்டாள். பதில் என்னவாக இருந்தால் என்ன, மனுஷன் ஒரே மூச்சில் நாலு வாக்கியம் பேசினாரே. அதுவே அவளுக்குப் போதும்.

ஆனால் லிஃப்ட்காரர் முழுசாகச் சொல்லவில்லை. அவர் அந்தத் தொட்டியில் வளர்த்துக்கொண்டிருந்தது கிருமி. தூவின தீனி அழுகி, தண்ணீரில் விஷம் சேரும். அந்த விஷத்தைத் தின்கிற நல்ல கிருமிகள் மெதுவாக, மிக மெதுவாக, ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியேறும். அவை போதுமான அளவு பெருக ஐந்து வாரம்கூட ஆகும். அப்புறம் மீனை விட்டால் அதன் கழிவை அவை பார்த்துக்கொள்ளும், மீன் பிழைக்கும். இதையெல்லாம் அவர் தேடிப் படித்துத் தெரிந்துவைத்திருந்தார். ஆனால் உன் கூடத்தில் நான் கிருமி வளர்க்கிறேன் என்று பினாயில் அக்காவிடம் போய்ச் சொல்வதற்கு அவருக்கென்ன பைத்தியமா? கமுக்கமாக இருந்துவிட்டார்.

இந்தப் பக்கம் அவள் பாடு சொல்லி மாளாது. தண்ணீர் கலங்கியது. கல்லெல்லாம் வழவழவென்று ஆனது. வெள்ளை ஸ்பாஞ்சு பழுப்பாகி, பழுப்பு அடர்ந்து, தொட்டால் கையில் ஒட்டும் போல இருந்தது. கூடத்தைத் தாண்டும்போதெல்லாம் அவளுக்குக் கை துறுதுறுவென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து வாரம் ஓட்டினாள்.

ஐந்து வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, லிஃப்ட்காரர் குளித்து, தலை சீவி, நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டார். மீன் வாங்கப் போகிறேன், தனியாகவே போய்வருகிறேன் என்றார். ஆபரேஷனுக்கு அப்புறம் தனியாகப் படி இறங்குவது அதுதான் முதல் தடவை. அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் ஜன்னலில் நின்று பார்த்தவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இந்த மனுஷனுக்கு நம்மால் ஆனது ஏதாவது செய்ய வேண்டாமா என்று நினைத்தாள். திரும்பித் தொட்டியைப் பார்த்தாள். அவர் வருவதற்குள் செய்து வைத்துவிட வேண்டும் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அரைகுறையாகச் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. பழைய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் இறைத்துக் கொட்டினாள். கல்லையெல்லாம் பெரிய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தாள். ஸ்பாஞ்சைப் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊற வைத்து, கசக்கி, நாலு தடவை அலசி, வெயிலில் காயப் போட்டாள். மோட்டாரைக் கழற்றி உள்ளே இருக்கிற இண்டு இடுக்கையெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்த்தாள். கண்ணாடியைத் துடைத்த துடைப்பில் அதில் அவள் முகம் தெரிந்தது. புதுத் தண்ணீர் பிடித்து மோட்டாரைப் போட்டபோது, ஆபரேஷன் தியேட்டருக்கே அனுப்பலாம் போலத் தொட்டி பளபளத்தது.

பன்னிரண்டு மணிக்கு அவர் வந்தார். கையில் காற்றடைத்த பிளாஸ்டிக் பை, அதற்குள் கோடு போட்ட சின்ன மீன்கள் ஆறு. வாசலிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரவில்லையாம், உட்கார்ந்தால் பை குலுங்குமாம், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றபடியே வந்தாராம், ஒரு குழந்தை வழியெல்லாம் மீனை எண்ணிக்கொண்டே வந்ததாம். பேசிக்கொண்டே கூடத்துக்குள் வந்தவர் தொட்டியைப் பார்த்தார். பேச்சு நின்றது.

"அந்த ஸ்பாஞ்சு?" என்றார்.

"வெளுத்துட்டேன். பாருங்க, புதுசு மாதிரி இருக்கு."

"கல்லு?"

"கொதிக்க வச்சேன்."

அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார், பை மடியில். உட்கார்ந்து, ஐந்து வாரமாகச் சொல்லாத மீதியை அப்போது சொன்னார். தணிந்த குரலில், யாரோ ஒருவருக்கு நடந்ததைச் சொல்வது போல.

"என் வீட்டுல கிருமியா வளத்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா விட்டிருப்பியா?"

விட்டிருக்கவே மாட்டாள், அது இருவருக்கும் தெரியும்.

மீனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு என்றார். தொட்டியை அக்காவுக்கே அனுப்பிவிடு, வெங்காயம் போட்டு வைக்கட்டும் என்றார். நாம் வேண்டுமானால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்போமா என்று அவள் கேட்டு வாய் மூடவில்லை, "விடு" என்றார். பார்வை எதிர்ச் சுவருக்குப் போனது. இத்தனை நாள் பாடுபட்டு வெளியே இழுத்த மனுஷனைத் தானே திரும்பப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. மீன் போனால் போகட்டும். இவர் போய்விடுவாரே.

பையில் கடையின் நம்பர் ஒட்டியிருந்தது. போனை எடுத்து அடித்தாள். எடுத்தது கடைக்காரப் பெண். பினாயில் அக்கா தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒன்றையும் மறைக்காமல், ஒரு அந்நியப் பெண்ணிடம் தான் சுத்தம் செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டாள். ப்ளீச்சிங் பவுடரா என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள் கடைக்காரி. அப்புறம் வழி சொன்னாள். தன் கடையில் இரண்டு வருஷமாக ஓடுகிற தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்சைத் தருவாளாம், அதில் வேண்டிய மட்டும் கிருமி இருக்கிறதாம், சாயங்காலத்துக்குள் கொண்டுபோய்ப் போட்டால் மீன் பிழைக்க வழி உண்டாம். கண்டிப்பாகப் பிழைக்கும் என்று சொல்ல முடியாதாம்.

"ஒண்ணே ஒண்ணு அக்கா," என்றாள். "கழுவிடாதீங்க. உங்களுக்குக் கை அரிக்கும். கழுவிடாதீங்க."

அவள் அப்படியே கிளம்பினாள். கையில் கிடைத்தது ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோகிற எவர்சில்வர் டப்பாதான். கடையில் அந்த ஸ்பாஞ்சைப் பார்த்தவுடன் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கன்னங்கரேலென்று, சேற்றிலிருந்து எடுத்தது மாதிரி, தொட்ட இடமெல்லாம் கசிந்துகொண்டு இருந்தது. கடைக்காரி அதைத் தொட்டித் தண்ணீரோடு டப்பாவில் போட்டு மூடிக் கொடுத்தாள். வெயில் படக் கூடாது, காயக் கூடாது, சீக்கிரம் போங்கள் என்றாள்.

பஸ்ஸில் டப்பாவை முந்தானையால் மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த அம்மாள் இரண்டு தடவை மூக்கைச் சுளித்துவிட்டு, கடைசியில் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள். இருபத்திரண்டு வருஷமாக எதை ஒழிப்பதற்குச் சம்பளம் வாங்கினாளோ அதைக் கைப்பிள்ளை மாதிரி காபந்து பண்ணி எடுத்துப் போகிறோமே என்று நினைத்தாள். சிரிப்பு வரவில்லை. செத்துப் போகாதீங்க, கொஞ்சம் பொறுத்துக்குங்க என்று டப்பாவைப் பார்த்து வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்தவள் நாற்காலியைத்தான் முதலில் பார்த்தாள். காலி. லிஃப்ட்காரர் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். குழாய்த் தண்ணீரில் இருக்கிற குளோரினை முறிக்கிற மருந்தைச் சொட்டு எண்ணி விட்டிருந்தார். மீன் பையைத் தண்ணீரில் மிதக்க விட்டிருந்தார். சும்மா இருக்கட்டுமே என்று செய்தேன், பையிலேயே கிடந்து சூடேறிப் போகும் என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் டப்பாவைத் திறந்தாள். கையுறை போடவில்லை. கறுப்பு ஸ்பாஞ்சைத் தன் பளபளப்பான தண்ணீருக்கு மேலே பிடித்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பிழிந்தாள்.

தொட்டி முழுக்கப் பழுப்பாகக் கலங்கியது. பிழிந்த ஸ்பாஞ்சை மோட்டாருக்குள்ளேயே செருகினார்கள். அரை மணி கழித்து மீன்களை விட்டார்கள்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. தினமும் குழாயில் சோதிக்க வேண்டும், மஞ்சள் என்றால் விஷம் இல்லை, பச்சை என்றால் உண்டு, பச்சை வந்தால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும் என்பது கடைக்காரி உத்தரவு. இரண்டாம் நாள் இளம்பச்சை. மூன்றாம் நாள் நல்ல பச்சை. ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது, இன்னொன்று அடியில் கல்லோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. வாளி தூக்க அவருக்கு அனுமதி கிடையாது. அவள் வேலைக்குப் போகும் முன் இரண்டு வாளி, வந்ததும் இரண்டு வாளி சுமந்தாள். அளவு, சொட்டு, வெதுவெதுப்பு எல்லாம் அவர் கணக்கு. அந்த வாளியை இன்னும் கொஞ்சம் மெதுவாக ஊற்று என்று அதட்டல் வேறு. அதட்டட்டும் என்று அவள் வாயை மூடிக்கொண்டு ஊற்றினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நாளைக்கு நாலு தடவை வீட்டுக்குப் போன் பண்ணினாள். "பச்சையா?" என்பாள், அவர் சொல்வதைக் கேட்பாள், வைத்துவிடுவாள். அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பெண்கள் தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள். லிஃப்ட்காரரோ மாட்டிக்கொண்ட லிஃப்ட்டைப் பற்றி ஆபீசுக்குத் தகவல் சொல்கிற குரலில் பேச ஆரம்பித்துவிட்டார். நிலவரம் இதுதான், அடியில் கிடந்த ஆசாமி நகர்ந்துவிட்டான், மேலே வந்தவன் இறங்கிவிட்டான், நீ வீணாகப் பதறாதே என்பார். பதறாதே என்று அவர் அவளைச் சொல்லி எத்தனை நாளாயிற்று.

ஐந்தாம் நாள் பச்சை வெளுத்தது. எட்டாம் நாள் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்ததும் இருவருமாகக் குழாயில் தண்ணீர் எடுத்தார்கள். அவர் சொட்டு விட்டார். அவள் குழாயை வெள்ளைக் காகிதத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள்.

"மஞ்சள்," என்றார்.

சரியாகப் பாருங்கள் என்றாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்கள். மஞ்சள். நம்பாமல் இன்னொரு குழாய் எடுத்து மறுபடியும் செய்தார்கள். அப்பட்டமான மஞ்சள். தொட்டிக்குள் ஆறு மீனும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. அப்பாடா என்று சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது அழுகை.

சும்மா கண்ணீர் இல்லை. தரையில் அப்படியே சரிந்து உட்கார்ந்து, குழாயைக் கையில் பிடித்தபடி, விக்கி விக்கி அழுதாள். ஆபரேஷன் அன்றைக்குக்கூட ஒரு சொட்டு விடாதவள். லிஃப்ட்காரர் பதறிப்போனார். அதுதான் எல்லாம் உயிரோடு இருக்கிறதே, இந்த ஆறு மீனுக்கா இந்த அழுகை என்றார்.

"உங்க ஆபரேஷனுக்கு எல்லாச் சாமானையும் நான்தாங்க கட்டினேன்," என்றாள். "வேற யார் கையிலயும் குடுக்கல. கட்டறப்ப என் கை நடுங்கிச்சு. இத்தனை வருஷத்துல நடுங்கினதே இல்ல. ஏதாவது விட்டுட்டேனோ, உங்களுக்கு என் கையாலயே ஏதாவது வந்துடுமோன்னு, இன்னிக்கு வரைக்கும் நான் பயந்துக்கிட்டேதான் இருக்கேன். இந்த மூணு மாசமா வீட்டுல நான் தொட்டதெல்லாம் அந்தப் பயத்துலதான் கழுவினேன்."

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு முழங்காலை மடக்கி, மறு முழங்காலை மடக்கி, மெல்லத் தரையில் இறங்கி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அவள் கையிலிருந்த குழாயை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தொட்டித் தண்ணீர் ஈரம் காயாத அந்தக் கையை எடுத்துத் தன் நெஞ்சுத் தழும்பின் மேல் வைத்து அழுத்தினார். மூன்று மாதத்தில் கையுறை இல்லாமல் அவள் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"நல்லாத் தொட்டுப் பாரு," என்றார். "சீழ் இல்ல, வீக்கம் இல்ல, காஞ்சு போச்சு. நீ ஒண்ணையும் விடல. சுத்தமான வேலை."

கைக்குக் கீழே தழும்பு மேடாக, வழவழப்பாக, சூடாக இருந்தது. அதற்குக் கீழே இதயம் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. அழுகை ஓய்ந்து விம்மலாகி, விம்மலும் அடங்கி, மூன்று மாதமாக அடைத்துக்கொண்டிருந்த ஒரு மூச்சு நீளமாக வெளியே வந்தது. அவரும் அவசரப்படாமல் அப்படியே இருந்தார்.

"சரி, இப்ப கை குடு," என்றார் கடைசியில். "உனக்காகக் கீழ உக்காந்துட்டேன். எந்திரிக்கிறதுக்கு வழி தெரியல."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். எழுந்து, அவர் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினாள். மூணு மாடிக்கு லிஃப்ட் இழுக்கிறவள் மாதிரி இழுக்காதே, மெதுவா, மெதுவா என்று அவர் வழியெல்லாம் கேலி பேசிக்கொண்டேதான் எழுந்து நின்றார்.